பாதி அதிகாரம் பெற்ற கட்டளை: தரவுத்தளக் கட்டுப்பாடுகளை மாற்றிய வரலாறு

போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் கையேட்டில் 'ஆல்டர் டேபிள்' பக்கத்தைத் திறந்தால் நீண்ட இலக்கணப் பட்டியல் ஒன்று வரும். அதன் நடுவே 'ஆல்டர் கன்ஸ்ட்ரெயிண்ட்' என்றொரு வரி. விலை பூஜ்யத்துக்கு மேல் இருக்க வேண்டும் என்ற செக் விதியைத் தளர்த்த வந்தவருக்கு அதைப் பார்த்ததும் நிம்மதி. புது நிபந்தனையை எழுதி ஓட்டினால் கிடைப்பதோ இலக்கணப் பிழை. ஒரே மதிப்பு இருமுறை வரக்கூடாது என்ற யுனிக் விதியின் சோதனையைப் பரிவர்த்தனை முடியும்வரை தள்ளிப்போட முயன்றாலும், இது ஃபாரின் கீ (இன்னொரு வரிசையைச் சுட்டும் விதி) அல்ல என்று மறுப்பு வரும். இத்தனைக்கும் தள்ளிப்போடக்கூடிய யுனிக் விதியைப் புதிதாக உருவாக்கும் வசதி 2010-இல் வந்த 9.0 பதிப்பிலிருந்தே இருக்கிறது.

பட்டியலுக்குக் கீழே, விளக்கப் பகுதியில், இப்போதைக்கு ஃபாரின் கீ விதிகளை மட்டுமே மாற்றலாம் என்று ஒரு வாக்கியம் இருக்கிறது. கையேடு பொய் சொல்லவில்லை. வாசலில் மாட்ட வேண்டிய பலகையைக் கொல்லைப்புறத்தில் மாட்டியிருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் இந்தக் குழப்பத்தைக் கையேடு எழுதியவர் தலையில் மட்டும் கட்டுவது நியாயமாகாது. அதன் வேர் எஸ்.க்யூ.எல் வளர்ந்த விதத்தில் இருக்கிறது.

1986-இல் வந்த முதல் எஸ்.க்யூ.எல் தரநிலையில் அட்டவணையை மாற்றும் கட்டளையே கிடையாது. செக், ஃபாரின் கீ ஆகியவை 1989 திருத்தத்தில் நுழைந்தன. 1992 தரநிலைதான் 'ஆல்டர் டேபிள்' கட்டளையை முறைப்படுத்தியது. அதுவும் கட்டுப்பாட்டைச் சேர், நீக்கு என்ற இரண்டோடு நின்றது. மாற்ற வேண்டுமானால் நீக்கிவிட்டுத் திரும்பச் சேர்க்க வேண்டியதுதான். சோதனையைத் தள்ளிப்போடும் பண்பும் அதே 1992-இல் வந்தது. விதியை எழுதி வைத்துக்கொண்டே அமல்படுத்தாமல் விடும் வசதிக்கு 2011 தரநிலை வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

தரவுத்தள நிறுவனங்கள் அதுவரை சும்மா இருக்கவில்லை. கோடிக்கணக்கான வரிசைகள் உள்ள அட்டவணையில் விதியை நீக்கிச் சேர்த்தால், பழைய வரிசைகள் அத்தனையையும் மறுபடி சரிபார்க்க வேண்டும். ஆளுக்கொரு குறுக்குவழி பிறந்தது. ஆரக்கிள், விதி இயங்குகிறதா என்பதையும் பழைய தரவு சரிபார்க்கப்பட்டதா என்பதையும் இரண்டு தனிக் கேள்விகளாகப் பிரித்தது. ஆகவே நான்கு நிலைகள். அவற்றில் 'டிஸேபிள் வேலிடேட்' விசித்திரமானது: விதி ஓய்வில் இருக்கும், தரவு சரியானது என்ற உறுதியும் நீடிக்கும், அந்த உறுதியைக் காப்பாற்ற அட்டவணையில் யாரும் எதையும் எழுத முடியாது.

எஸ்.க்யூ.எல் சர்வரில் சிக்கல் இன்னும் நுட்பமானது. அணைத்து வைத்த விதியை உயிர்ப்பிக்க 'செக் கன்ஸ்ட்ரெயிண்ட்' என்று எழுதினால் விதி இயங்கத் தொடங்கிவிடும். பழைய வரிசைகளை அது திரும்பிப் பார்க்காது. அவற்றையும் சோதிக்க 'வித் செக் செக் கன்ஸ்ட்ரெயிண்ட்' என்று எழுத வேண்டும். முதன்முறை பார்ப்பவர் வீண் சொற்கள் என்று 'வித் செக்'கை அழித்துவிட்டால் கட்டளை அப்போதும் ஓடும், பிழைச் செய்தியும் வராது. அமைப்பு அட்டவணையில் 'இஸ் நாட் டிரஸ்டட்' என்ற குறி மட்டும் 1 என்றே நிற்கும். வினவலைச் சுருக்கும் ஆப்டிமைசர் அந்த விதியை நம்பாமல் ஒதுக்கிவிடும். புது விதிக்குச் சோதிப்பது இயல்பு, உயிர்ப்பிக்கும் விதிக்குச் சோதிக்காதது இயல்பு என்று கையேடு சொல்கிறதுதான். ஒரே கட்டளைக்கு இரண்டு இயல்புகள் இருந்தால் யாருக்கு நினைவிருக்கும்?

மைஎஸ்க்யூஎல் கதை இதைவிட மோசம். 2019-இல் 8.0.16 வரும்வரை அது செக் விதியை இலக்கணப்படி ஏற்றுக்கொண்டு, சத்தமில்லாமல் தூக்கி எறிந்தது. அமல்படுத்து, அமல்படுத்தாதே என்று மாற்றும் வசதியும் அந்தப் பதிப்பில்தான் வந்தது.

போஸ்ட்கிரெஸ் 2011-இல், 9.1 பதிப்பில், ஃபாரின் கீயைப் பழைய வரிசைகளைச் சோதிக்காமல் 'நாட் வேலிட்' என்று சேர்த்து, பிறகு சாவகாசமாகச் சரிபார்க்க வழி செய்தது. அடுத்த ஆண்டு செக் விதிக்கும் அது கிடைத்தது. 'ஆல்டர் கன்ஸ்ட்ரெயிண்ட்' வந்தது 2014 டிசம்பரில், 9.4-இல். ஃபாரின் கீக்கு மட்டும் ஏன்? அதை உள்ளே காப்பவை ட்ரிகர்கள். சோதனை உடனேயா பிறகா என்பது அமைப்பு அட்டவணைகளில் சில குறிகள்தான். அவற்றைத் திருத்தினால் வேலை முடிந்தது. யுனிக் விதியைக் காப்பது இன்டெக்ஸ். அங்கே வேலை அத்தனை எளிதல்ல. எளிதான பாதிக்குக் கட்டளை கிடைத்தது, பெயர் மட்டும் முழுமைக்கும் வைக்கப்பட்டது.

2025 செப்டம்பரில் வந்த 18-ஆம் பதிப்பு 'ஆல்டர் கன்ஸ்ட்ரெயிண்ட்' வரியை நீட்டியது. ஃபாரின் கீயின் அமலாக்கத்தை நிறுத்தலாம், மீண்டும் தொடங்கலாம். வெற்று மதிப்பைத் தடுக்கும் நாட் நல் விதி வாரிசு அட்டவணைகளுக்கு இறங்குமா என்பதையும் மாற்றலாம், ஆனால் நாட் நல்லுக்கு மட்டும். செக் விதியை அமலில்லாததாக உருவாக்கவும் முடியும். உருவாக்கியபின் அந்த நிலையை இதே கட்டளையால் மாற்ற 18-இல் வழியில்லை. தாய் வரிசையை அழித்தால் சேய் வரிசையும் அழியட்டும் என்ற 'ஆன் டெலீட்' நடத்தையை மாற்ற விரும்புபவருக்கு 1992-இன் வழிதான் இன்றும்: ஒரே 'ஆல்டர் டேபிள்' கட்டளைக்குள் பழைய ஃபாரின் கீயை நீக்கி, புதியதை 'நாட் வேலிட்' என்று சேர்த்து, பிறகு 'வேலிடேட் கன்ஸ்ட்ரெயிண்ட்' ஓட்ட வேண்டும்.