பெயர் சொல்லி நன்றி கூறுவோம்

செஞ்சிக்குத் தெற்கே உள்ள பனமலையில், ஏரியைப் பார்த்தவாறு எழுந்த குன்றின்மேல் தாளகிரீசுவரர் கோயில் நிற்கிறது. கி.பி. 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட பல்லவ மன்னன் இராசசிம்மன் எடுப்பித்த கற்றளி அது. அதன் சிற்றறை ஒன்றின் சுவரில், குடையின் கீழ் ஒரு காலை மடித்து நிற்கும் உமையின் ஓவியம், வண்ணம் மங்கிய நிலையிலும் காண்போரைக் கட்டி நிறுத்துகிறது. எடுப்பித்தவன் யார் என்பதைக் கல்வெட்டு அறிவிக்கிறது. வரைந்தவன் பெயரை எவரும் எழுதி வைக்கவில்லை.

செஞ்சியிலிருந்து விழுப்புரம் செல்லும் சாலைக்கு அருகே மண்டகப்பட்டு என்னும் ஊர் உண்டு. இராசசிம்மனுக்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு முந்திய மகேந்திரவர்மன் அங்கே பாறையைக் குடைந்து ஒரு கோயில் அமைத்தான். செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுண்ணச் சாந்து இல்லாமல் மும்மூர்த்திகளுக்கும் இக்கோயில் விசித்திரசித்தனால் ஆக்கப்பட்டது என்று அங்குள்ள வடமொழிக் கல்வெட்டு பெருமிதத்தோடு கூறுகிறது. விசித்திரசித்தன் என்பது மன்னனின் பட்டப்பெயர். பயன்படுத்தாத பொருள்களின் பெயர்களெல்லாம் கல்லில் ஏறின. உளி பிடித்த கைகளுக்கு உரியவர் பெயர் ஒன்றுகூட ஏறவில்லை.

அக்காலத்தில் நன்றியும் நினைவும் அரசர்க்கு மட்டுமே உரியனவாக இருந்தனவா? இல்லை என்று சொல்லச் சான்றுகள் உள்ளன. அவை பெருங்கோயில்களில் இல்லை. வயல் ஓரத்திலும் காட்டு வெளியிலும் நட்டு வைக்கப்பட்ட கற்களில் உள்ளன.

பெயர் பெற்ற நாய்

திருவண்ணாமலை மாவட்டத்தில், செங்கம் பகுதியைச் சேர்ந்த எடுத்தனூரில் ஒரு நடுகல் கண்டறியப்பட்டது. மண்டகப்பட்டைக் குடைந்த அதே மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது அது. எருமைகளைக் காக்கும் பூசலில் கருந்தேவக்கத்தி என்னும் வீரன் உயிர் நீத்த செய்தியை அக்கல் சொல்லுகிறது. ஆயுதம் ஏந்திய அவனுடைய உருவத்துக்கு அருகே ஒரு நாயின் உருவமும் செதுக்கப்பட்டிருக்கிறது. அந்த நாய்க்கென்று தனியே எழுத்துகளும் வெட்டப்பட்டிருக்கின்றன. கோவிவன் என்னும் பெயருடைய அந்நாய், திருடர் இருவரைக் கடித்துக் காவல் நின்றது என்பதே அவ்வெழுத்துகளின் கருத்து.

சற்று நின்று எண்ணிப் பாருங்கள். ஏறக்குறைய 1400 ஆண்டுகளுக்கு முன் எருமை மேய்த்த ஒரு சிற்றூரில் வாழ்ந்த நாய் அது. அதன் பெயர் நமக்குத் தெரிகிறது. அது செய்த செயல் தெரிகிறது. எத்தனை பேரைக் கடித்தது என்ற கணக்குக்கூடத் தெரிகிறது. பல்லவப் பேரரசின் எத்தனையோ அதிகாரிகளைப் பற்றி நாம் இவ்வளவு அறிய மாட்டோம்.

நாய்க்கு மட்டுமன்று, கோழிக்கும் கல் நட்டார்கள். விழுப்புரம் மாவட்டத்து அரசலாபுரத்தில் சேவல் உருவம் பொறித்த நடுகல் ஒன்று கிடைத்திருக்கிறது. எழுத்தமைதியைக் கொண்டு அதனைக் கி.பி. 5ஆம் நூற்றாண்டினது என அறிஞர் கணித்துள்ளனர். முகையூர் மேற்சேரியின் கோழி அது என்று எழுத்துகள் தெரிவிக்கின்றன. இந்தளூரில் கிடைத்த மற்றொரு கல்லோ, கீழ்ச்சேரிக் கோழியைப் பொற்கொற்றி என்று பெயர் சொல்லியே குறிக்கிறது. மேலைத் தெருவுக்கும் கீழைத் தெருவுக்கும் நடந்த சேவற்போரில் தம் தெருவின் மானத்தைத் தாங்கி நின்று மடிந்த பறவைகளுக்கு, அத்தெருவார் செய்த மரியாதை இது.

ஒரு கல் நட எத்தனை வேலை!

நடுகல் எடுப்பதற்குரிய படிநிலைகளைத் தொல்காப்பியம் வகுத்துரைக்கிறது. முதலில் தகுந்த கல்லைத் தேடிக் காண வேண்டும். பிறகு அதனைக் கொண்டுவர நாள் குறிக்க வேண்டும். கொணர்ந்த கல்லை நீராட்ட வேண்டும். குழி தோண்டி நட வேண்டும். படையலிட்டுச் சிறப்புச் செய்ய வேண்டும். இறுதியாக வாழ்த்த வேண்டும். நன்றிச் சொல் இங்கே கடைசியில்தான் வருகிறது. அதற்கு முன் கால் நடக்கிறது, தோள் சுமக்கிறது, கை தோண்டுகிறது. வீட்டுக்கு ஒரு திண்ணை கட்டுவது போலவும் தோட்டத்துக்கு ஒரு வேலி அமைப்பது போலவும், நன்றி கூறுவதும் நம் முன்னோர்க்கு ஒரு வேலையாக இருந்தது. வேலையாக இருந்தமையால்தான் அது நின்று நிலைத்தது.

அக்கற்களின் வாசகத்தையும் நாம் கருத வேண்டும். எந்த மன்னனின் எத்தனையாவது ஆண்டு, எவருடைய ஆள், அவன் பெயர் என்ன, எதற்காகப் பட்டான், இது அவன் கல் என்று சில சொற்களில் முடிந்துவிடும். மிகைப்படுத்தும் அடைமொழிகள் அரிது. 'எல்லார்க்கும் எல்லாவற்றுக்கும் நன்றி' என்ற பொதுப்பேச்சுக்கு அங்கே இடமில்லை. பெயர், இடம், செயல் ஆகிய மூன்றையும் சொல்லிவிட்டால் நன்றி முழுமை பெறுகிறது. நடுகற்கள் நமக்குக் கற்றுத் தரும் பாடம் இதுவே என்று கருதுகிறேன்.

செஞ்சி மறக்காத மூவர்

செஞ்சிக் கோட்டையின் வரலாறு கை மாறிய வரலாறு. நாயக்கரிடமிருந்து அது பீசப்பூர் சுல்தானுக்குப் போயிற்று. 1677இல் சிவாசி அதனைக் கைப்பற்றினார். எட்டாண்டுகள் நீடித்த முற்றுகைக்குப் பின் 1698இல் முகலாயர் வென்றனர். 1750இல் பிரெஞ்சுக்காரரும் 1761இல் ஆங்கிலேயரும் பிடித்தனர். இராசகிரி, கிருட்டிணகிரி, சந்திரகிரி ஆகிய மூன்று மலைகளையும் இணைத்து ஓடும் மதில்கள் 2025 சூலையில், மராட்டியர் காலக் கோட்டைத் தொகுதியின் பகுதியாக உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் இடம்பெற்றன. ஆனால் இவ்வட்டாரத்து மக்களைக் கேளுங்கள். இத்தனை வெற்றியாளரையும் விட்டுவிட்டு, ஓராண்டுகூட ஆளாமல் தோற்று மடிந்த ஓர் இளைஞனைப் பற்றித்தான் அவர்கள் பேசுவார்கள்.

முகலாயரின் கோட்டைத் தலைவராக இருந்த புந்தேல இராசபுத்திரர் சொரூப்சிங் இறந்தபின், அவர் மகன் தேசுசிங் பொறுப்பேற்றான். தமிழ் நாவில் அவன் தேசிங்கு ஆனான். ஆற்காட்டு நவாபு சாதத்துல்லாகான் அவனிடம் வரி நிலுவையைக் கேட்டார். இளைஞன் பணிய மறுத்தான். 1714 அக்டோபரில் நடந்த போரில் சிறு படையோடு பெரும் படையை எதிர்த்து உயிர் துறந்தான். அப்போது அவனுக்கு வயது 22 என்பர். வரலாறு உறுதியாகச் சொல்வது ஏறத்தாழ இவ்வளவே.

எஞ்சியதை மக்கள் பாடினார்கள். தேசிங்குராசன் கதைப்பாடலில் அவனுக்கு இணையாக இருவர் நிற்கிறார்கள். ஒருவர் அவனுடைய இசுலாமிய நண்பர் மோவுத்துகான். தம் திருமணக் கோலத்திலிருந்தே எழுந்து நண்பனுக்காகப் போர்க்களம் புகுந்தவர் அவர் என்று பாடல் கூறுகிறது. மற்றது, எவருக்கும் அடங்காதிருந்து தேசிங்குக்கு மட்டும் அடங்கிய குதிரை. அரங்கநாதரை வணங்கிய அரசனும் அல்லாவைத் தொழுத தோழனும் ஒரே நாளில் மடிந்தனர். செஞ்சிக்கு அருகே உள்ள நீலாம்பூண்டியில் மோவுத்துகானின் கல்லறை என்றும் குதிரையின் கல்லறை என்றும் ஊரார் காட்டும் சமாதிகள் உள்ளன. தெருக்கூத்திலும், பெரிய எழுத்துப் புத்தகத்திலும், 1960இல் வெளிவந்த திரைப்படத்திலும் இந்த மூவரும் பிரியாமலே வந்தார்கள். வெற்றி பெற்றுத் தராத நண்பனையும் குதிரையையும் மக்கள் ஏன் இப்படிக் காத்து வைத்தார்கள்? அருகில் இருந்ததே போதும், அதற்கே நன்றி உரியது என்று அவர்கள் உணர்ந்திருந்தார்கள்.

ஒரு நெருடல்

இவ்விடத்தில் ஒரு நெருடலை மறைக்கலாகாது. சேவலைச் சண்டைக்கு விட்டவர்கள் மனிதர்கள். வரித் தகராறு குதிரையினுடையது அன்று. கோவிவன் இறந்த தன் தலைவனை விட்டு ஓடியிருந்தால் எவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். பயன்படுத்தித் தீர்த்தபின் கல் நடுவது நன்றியா, மனச்சான்றின் உறுத்தலா? இரண்டும் கலந்திருக்கலாம். நடுகல் எதுவாயினும் இறந்தபின் எழுவதே. வாழும்போது கிடைக்காத மரியாதையை அது ஈடு செய்யாது.

தேசிங்கின் மனைவியை நினைத்தால் இந்த நெருடல் வேதனையாகிறது. கணவனின் சிதையில் அவளும் எரிந்தாள் என்பது மரபுச் செய்தி. வென்ற நவாபே இரக்கம் கொண்டு அவள் நினைவாக இராணிப்பேட்டை நகரை அமைத்தார் என்பர். ஒரு நகரமே நினைவுச் சின்னமாயிற்று. ஆயினும் அதில் இருப்பது 'இராணி' என்ற பட்டம். அவள் பெயர் அதில் இல்லை. அவள் இந்த மண்ணில் எப்படி வாழ்ந்தாள், எவருக்குச் சோறிட்டாள், எதற்காகச் சிரித்தாள் என்று எந்தக் கல்லும் சொல்லவில்லை. உயிரோடு இருந்தபோது அவளைக் காத்திருக்க வேண்டியவர்கள், இறந்தபின் அவளைப் புகழ்ந்தார்கள். நாய்க்குக் கிடைத்த பெயர்ச் சிறப்பு அந்தப் பெண்ணுக்குக் கிடைக்கவில்லை என்பது நாம் நாணத்தக்க செய்தி.

நன்றியின் இலக்கணம்

விவிலியத்தில் தோபித்து நூலை வாசிப்போர், தோபியாவும் வானதூதரும் பயணம் புறப்படும்போது ஒரு நாயும் உடன் போவதைக் காண்பர். அவர்கள் வீடு திரும்பும்போதும் அது பின்னால் வருகிறது. கதைக்கு அந்த நாயால் பயன் ஒன்றுமில்லை. ஆயினும் தூய எழுத்தாளர் அதனை விட்டுவிட மனமில்லாமல் எழுதி வைத்தார். லூக்கா நற்செய்தியில் நலம் பெற்ற தொழுநோயாளர் பதின்மர். நன்றி சொல்வதற்கென்று வந்த வழியே திரும்பி நடந்தவரோ ஒருவர், அவரும் சமாரியர். மற்ற ஒன்பது பேரும் மனத்துக்குள் நன்றி உணர்ந்திருக்கலாம். ஆனால் 'எங்கே?' என்று ஆண்டவர் கேட்டது அவர்களைப் பற்றித்தான்.

திருப்பாடல் 136 இறைவனின் செயல்களை ஒவ்வொன்றாக எண்ணி எண்ணி நன்றி கூறுகிறது. நற்கருணையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லுக்கு நன்றி கூறல் என்பதே பொருள். அந்த நன்றி மன்றாட்டில் திருச்சபை எந்த இரவு, எதைக் கையில் எடுத்தார், என்ன செய்தார் என்று நடந்ததை நடந்தவாறே சொல்லுகிறது. எடுத்தனூர் மக்கள் திருமறையை அறியாதவர்கள். ஆயினும் நன்றியின் இலக்கணம் அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

நம் வீடுகளில் இவ்விலக்கணம் முற்றும் மறையவில்லை. புதுமனை புகுமுன் கொத்தனாரையும் தச்சரையும் அழைத்து வேட்டி துண்டு கொடுத்து மரியாதை செய்யும் வழக்கம் பல ஊர்களில் தொடர்கிறது. மாட்டுப் பொங்கலன்று ஆலய வளாகத்துக்கு மாடுகளைக் கொண்டுவந்து மந்திரிப்பதும், சனவரி 17இல் வனத்து அந்தோணியார் திருநாளில் கால்நடைகளை அர்ச்சிப்பதும் நம்மிடையே உண்டு. ஆனால் ஆண்டுக்கு ஒரு நாளும், வீட்டுக்கு ஒரு முறையும் போதுமா? மழைக்கு முன் ஓடு மாற்றித் தந்தவர் யார்? மருத்துவமனையில் இரவெல்லாம் உடன் அமர்ந்திருந்த நண்பர் எவர்? பிள்ளைகள் வெளியூர் போனபின் வாசலில் காத்துக் கிடந்து வீட்டின் தனிமையைப் போக்கும் நாய்க்கு நாம் இட்ட பெயர் என்ன? இன்று அதைப் பெயர் சொல்லி அழைத்தோமா?

இரவுச் செபத்தின்போது 'இன்று பெற்ற எல்லா நன்மைகளுக்காகவும் நன்றி' என்று சொல்லி முடித்துவிடுவது எளிது. அதற்கு மாறாகக் குடும்பத்தில் ஒவ்வொருவரும் ஒரு பெயரையும் ஒரு செயலையும் சொல்லட்டும். கிணற்றில் விழுந்த வாளியை எடுத்துத் தந்த பக்கத்து வீட்டுப் பிள்ளை, பூட்டை எண்ணெயிட்டுச் சரிசெய்த தாத்தா, எல்லாரும் உண்டபின் உண்ட அம்மா என்று அந்தப் பட்டியல் அமையட்டும். மறுநாள் அவர்களைக் காணும்போது அதையே நேரிலும் சொல்லுவோம். அவர்கள் உயிரோடு இருக்கிறார்கள், காதால் கேட்பார்கள். கோவிவனுக்கும் செஞ்சியின் இராணிக்கும் வாய்க்காத பேறு அது.