ஜாஸ் மனோதர்மத்தில் மைனர் ஸ்கேல்களும் மோடுகளும்

ஜாஸ் கச்சேரியில் வாத்தியக்காரர் அந்த நேரத்துக் கற்பனையில் வாசிக்கும் பகுதி சோலோ எனப்படும். மைனர் சாயல் உள்ள பாட்டில் சோலோவுக்கு வேண்டிய சுரங்களைத் தருபவை மைனர் ஸ்கேல்களும், அவற்றையே வேறொரு சுரத்தை ஆதாரமாக வைத்து வாசிக்கும்போது பிறக்கும் மோடுகளும். மோடு பிறக்கும் விதம் நம்முடைய கிரகபேதம்தான். மேஜர் ஸ்கேல் ஒன்றே ஒன்று. மைனரோ குறைந்தது நான்கு உருவங்களில் வரும். தேர்ந்த ஜாஸ் கலைஞர் ஒரே பாட்டில், சில வேளை ஒரே மூச்சில், ஓர் உருவத்திலிருந்து மற்றொன்றுக்குப் போய்விடுவார்.

நான்கு மைனர்கள்

கர்நாடக இசை தெரிந்தவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். மேளகர்த்தா வரிசையில் 20 முதல் 23 வரை அடுத்தடுத்து நிற்கும் நடபைரவி, கீரவாணி, கரகரப்பிரியா, கௌரிமனோகரி ஆகியவற்றின் சுரங்களே அந்த நான்கும். ஸட்ஜம், சதுஸ்ருதி ரிஷபம், சாதாரண காந்தாரம், சுத்த மத்யமம், பஞ்சமம் ஆகிய ஐந்தும் நான்குக்கும் பொது. தைவதமும் நிஷாதமும் மட்டும் இடம் மாறும். இரண்டும் தாழ்ந்திருந்தால் நேச்சுரல் மைனர். அதற்கு ஏயோலியன் என்ற பெயரும் உண்டு. தைவதம் தாழ்ந்து நிஷாதம் உயர்ந்தால் ஹார்மோனிக் மைனர். தைவதம் உயர்ந்து நிஷாதம் தாழ்ந்தால் டோரியன். இரண்டும் உயர்ந்தால் மெலோடிக் மைனர்.

மெலோடிக் மைனரை ஐரோப்பிய சாஸ்திரிய இசைப் பாடநூல்கள் ஆரோகணத்தில் இப்படியும், அவரோகணத்தில் நேச்சுரல் மைனராகவும் எழுதும். ஜாஸில் அந்த வேறுபாடு கிடையாது. ஏறினாலும் இறங்கினாலும் உயர்ந்த தைவதமும் காகலி நிஷாதமும்தான். அதனால் இதை ஜாஸ் மைனர் என்று அழைப்பாரும் உண்டு.

ஒப்புமை சுரவரிசையோடு முடிகிறது. ஜாஸ் ஸ்கேலுக்குப் பிடிப்புச் சுரம், கமகம், சஞ்சாரம் எதுவும் இல்லை. ஓடவோ தாவவோ சிதறவோ அதற்குத் தடையில்லை. கரகரப்பிரியாவின் காந்தாரம் அசைந்துதான் நிற்கும். டோரியனின் காந்தாரம் பியானோவில் அசையாத ஒரு கட்டை. ராகம் தெரியும் என்பதால் மட்டும் ஜாஸ் வந்துவிடாது, அந்தச் சுரங்களுக்கு அடியில் ஓடிக்கொண்டிருக்கும் கார்டுகள், அதாவது ஒரே நேரத்தில் ஒலிக்கும் சுரக் கூட்டுகள், தெரிய வேண்டும்.

தைவதமும் நிஷாதமும்

மைனர் இசையில் வீடு போன்ற கார்டின் அடிப்படை ஸட்ஜம், சாதாரண காந்தாரம், பஞ்சமம். இதன்மேல் நேச்சுரல் மைனரின் சுத்த தைவதத்தை நீட்டிப் பிடித்தால் பஞ்சமத்தோடு அரைச்சுர இடைவெளியில் உரசும். அது தவறில்லை, ஆனால் ஓய்ந்து அமரும் இடமாக இராது. எனவே பழைய ஸ்விங் காலத்திலேயே கலைஞர்கள் வீட்டுக் கார்டில் சதுஸ்ருதி தைவதத்தைச் சேர்த்தார்கள். மைனர் சிக்ஸ்த் என்பது அந்தக் கார்டுதான். கிதார் கலைஞர் ஜாங்கோ ரைன்ஹார்ட்டும் வயலின் கலைஞர் ஸ்டெஃபான் கிராப்பெல்லியும் 1937-ல் பாரிஸில் பதிவு செய்த ‘மைனர் ஸ்விங்’ ஏ மைனரில் அமைந்தது. அதில் கிதாரின் தாளத்தட்டலிலேயே இந்த நிறம் தெரியும். ஜாங்கோ இ7 கார்டு வரும்போது ஹார்மோனிக் மைனருக்கும் டிமினிஷ்டு கார்டின் சுரங்களுக்கும் போய்விட்டு, ஏ மைனருக்குத் திரும்பியதும் தைவதத்தை உயர்த்திக்கொள்கிறார்.

காகலி நிஷாதத்தைக் கார்டிலேயே வைத்தால் மைனர் மேஜர் செவன்த். பியானோ கலைஞர் ஹொரேஸ் சில்வரின் ‘நிக்காஸ் ட்ரீம்’ பி பிளாட்டில் இந்தக் கார்டோடுதான் தொடங்குகிறது. கூர்மையும் சற்றுப் புதிரும் கலந்த இந்த ஒலிக்கு மெலோடிக் மைனரைத் தவிர வேறு ஸ்கேல் அவ்வளவாகப் பொருந்துவதில்லை. கைசிகி நிஷாதம் சேர்ந்தால் மைனர் செவன்த். அங்கே டோரியன் இயல்பாக வந்து அமரும்.

இரண்டு, ஐந்து, ஒன்று

மைனர் பாட்டுகளில் மிகுதியாக வரும் கார்டு நகர்வு, ஸ்கேலின் இரண்டாம் சுரத்திலிருந்து ஐந்தாம் சுரத்துக்கும் அங்கிருந்து வீட்டுக்கும் வருவது. ஜோசப் கோஸ்மா மெட்டமைத்த ‘ஆட்டம் லீவ்ஸ்’ இதைக் கற்க எல்லோரும் எடுத்துக்கொள்ளும் பாட்டு. சாக்ஸபோன் கலைஞர் கேனன்பால் ஆடர்லியின் 1958-ஆம் ஆண்டு ‘சம்திங் எல்ஸ்’ இசைத்தட்டில் இது ஜி மைனரில் இருக்கிறது. வீட்டுக்கு வரும் வழியில் ஏ ஹாஃப் டிமினிஷ்டு, டி7, ஜி மைனர் என மூன்று கார்டுகள்.

தொடக்க நிலையில் உள்ளவர் மூன்றுக்கும் ஜி ஹார்மோனிக் மைனர் ஒன்றையே வாசிக்கலாம். டி7 கார்டுக்குத் தேவையான எஃப் ஷார்ப் அதில் இருக்கிறது. இ பிளாட்டுக்கும் எஃப் ஷார்ப்புக்கும் நடுவிலுள்ள பெரிய இடைவெளி காதில் தனியாகத் தெரியும். ஹார்மோனிக் மைனரை டி-யிலிருந்து வாசித்தால் பிரிஜியன் டாமினன்ட், அதாவது வகுளாபரணத்தின் சுரங்கள். இந்த ஒலி முழுதாகக் கேட்க வேண்டுமானால் ஹுவான் டிஸோல் இயற்றி டியூக் எலிங்டன் குழுவினர் 1936-ல் பதிவு செய்த ‘கேரவன்’ ஏற்றது. எஃப் மைனரில் அமைந்த அதன் 16 பார் (தாள அளவு) பல்லவியில் முதல் 12 பார்கள் சி7 கார்டிலேயே காத்திருக்கும். வீடு கடைசி நான்கு பார்களில்தான் வரும்.

அனுபவம் கூடியவர்கள் மூன்று கார்டுக்கும் மூன்று மெலோடிக் மைனர்களை எடுப்பார்கள். ஏ ஹாஃப் டிமினிஷ்டுக்கு சி மெலோடிக் மைனர், டி7-க்கு இ பிளாட் மெலோடிக் மைனர், வீட்டுக்கு ஜி மெலோடிக் மைனர். இவற்றில் நடுவிலுள்ளதுதான் விசேஷம். இ பிளாட் மெலோடிக் மைனரை டி-யை ஆதாரமாக வைத்து வாசித்தால் கிடைப்பது அதன் ஏழாவது மோடு. ஜாஸில் ஆல்டர்டு ஸ்கேல் என்பார்கள். டி7 போன்ற டாமினன்ட் கார்டின் உயிரான காந்தாரமும் நிஷாதமும் அதில் கெடாமல் இருக்க, மற்றச் சுரங்கள் எல்லாம் இடம் பெயர்ந்திருக்கும். பஞ்சமமே இல்லாததால் இதற்கு ஒத்த மேளகர்த்தா கிடையாது. இழுவிசை உச்சத்தில் நிற்கும் இந்தச் சுரங்கள் அரைச்சுரம் அரைச்சுரமாக ஜி மைனருக்குள் இறங்கும்.

மெலோடிக் மைனரின் நான்காம் மோடு லிடியன் டாமினன்ட்; வாசஸ்பதியின் சுரங்கள். ஐந்தாவது சாருகேசி, இரண்டாவது நாடகப்பிரியா. டி7-க்கு மாற்றாக ஏ பிளாட் 7 கார்டைப் போடும் வழக்கம் ஜாஸில் உண்டு. அந்த மாற்றுக் கார்டுக்கு லிடியன் டாமினன்ட் வாசித்தால் அதுவும் இதே இ பிளாட் மெலோடிக் மைனர்தான். பாஸ் வாத்தியக்காரர் எந்தச் சுரத்தைப் பிடித்தாலும் சோலோ வாசிப்பவர் கலங்க வேண்டியதில்லை.

ஹாஃப் டிமினிஷ்டு கார்டைப் பற்றி ஒரு பழைய சேதி உண்டு. பியானோ கலைஞர் தெலோனியஸ் மங்க் அதைத் தனிக் கார்டாகவே எண்ணியதில்லை. ஆறாம் சுரத்தை பாஸில் வைத்த மைனர் சிக்ஸ்த் என்றே தனக்குக் காட்டினார் என்று டிரம்பெட் கலைஞர் டிஸ்ஸி கில்லெஸ்பி தன் சுயசரிதையில் சொல்கிறார். ஏ ஹாஃப் டிமினிஷ்டும் சி மைனர் சிக்ஸ்தும் ஒரே நான்கு சுரங்கள். ஸ்கேல் அட்டவணைகள் அச்சாவதற்கு வெகுகாலம் முன்பே, அவற்றின் பயன் பியானோக் கட்டைகளின் மேல் இருந்தது.

ஃபிலடெல்ஃபியா கிதார் கலைஞர் பாட் மார்டினோ (1944–2021) இதைத் தன் முறையின் மையமாகவே வைத்துக்கொண்டார். எந்தக் கார்டு வந்தாலும் அதை ஒரு மைனராக மாற்றி எண்ணுவது அவர் வழி. டி7 வந்தால் ஏ மைனர், அதே டி7 ஆல்டர்டு ஆனால் இ பிளாட் மைனர், ஏ ஹாஃப் டிமினிஷ்டு வந்தால் சி மைனர். விரலுக்குப் பழகிய ஒரு மைனர் பிரயோகம் இடம் மாறி மாறி எல்லாக் கார்டுக்கும் உதவும். கேட்கச் சோம்பேறித்தனமாகத் தோன்றலாம். அவர் வாசிப்பின் வேகத்தைக் கேட்டவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

ஒரே கார்டில் நிற்பது

1940-களின் பிபாப் பாணிப் பாட்டுகளில் கார்டுகள் பாருக்கு இரண்டாக விரைந்தன. 1958-ல் அளித்த ஒரு பேட்டியில் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸ், கார்டுகளைக் குறைத்து மெட்டுக்கு இடம் தரும் பக்கமாக ஜாஸ் திரும்புகிறது என்ற கருத்தைச் சொன்னார். கார்டுக்குப் பதில் ஸ்கேலை அடிப்படையாகக் கொள்ளும் எண்ணத்தை ஜார்ஜ் ரஸ்ஸல் 1953-லேயே தன் லிடியன் கோட்பாட்டு நூலில் வகுத்திருந்தார்.

1959 மார்ச் 2 அன்று நியூயார்க்கில் கொலம்பியா நிறுவனத்தின் 30-ஆம் தெரு ஸ்டூடியோவில் பதிவான மைல்ஸின் ‘ஸோ வாட்’ இந்த வழியின் முதன்மை உதாரணம். 32 பார், முதல் 16 டி டோரியன், அடுத்த எட்டு அரைச்சுரம் மேலே இ பிளாட் டோரியன், கடைசி எட்டு மீண்டும் டி டோரியன். பல்லவியை பால் சேம்பர்ஸ் பாஸில் வாசிக்க, பில் எவன்ஸ் பியானோவில் பதில் சொல்கிறார். அந்தப் பதில் கார்டுகள் பெரும்பாலும் நான்காம் சுர இடைவெளிகளால் அடுக்கப்பட்டவை. அதனால் அவை எங்கும் போக அவசரப்படுவதில்லை.

சுரம் ஏழுதான், கார்டு ஒன்றுதான் என்றானதும் சோலோவின் பாரம் வேறிடத்துக்கு மாறுகிறது. மைல்ஸ் சில சுரங்களை மட்டும் எடுத்து மௌனத்துக்கு இடம் விட்டு வாசிக்கிறார். சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேன் சிறு பிரயோகங்களைத் திருப்பித் திருப்பி அடுக்குகிறார். கேனன்பாலுக்கு பிபாப் பழக்கம் விடவில்லை. எழுதப்படாத டாமினன்ட் கார்டுகளை மனத்தில் ஒலிக்கவிட்டு, டோரியனில் இல்லாத சுரங்களின் வழியே டி மைனருக்குத் திரும்புகிறார். மூவரும் ஒரே விதிக்கு உட்பட்டவர்கள் என்று பாடநூல் சொல்லும். காது சொல்வது அப்படியல்ல. சாதாரண காந்தாரத்துக்கும் சதுஸ்ருதி தைவதத்துக்கும் நடுவிலுள்ள இறுக்கமான இடைவெளிதான் டோரியனின் அடையாளம். அதைத் தொடாமல் ஏறி இறங்குபவர் வாசிப்பது வெறும் மைனர்.

இதே அமைப்பை கோல்ட்ரேன் ‘இம்ப்ரெஷன்ஸ்’ பாட்டில் அசுர வேகத்தில் எடுத்துக்கொண்டார். 1960 அக்டோபரில் பதிவான அவருடைய ‘மை ஃபேவரிட் திங்ஸ்’ 13 நிமிடத்துக்கு மேல் நீளும். நாடக மேடைக்கு எழுதிய அந்த மெல்லிய வால்ட்ஸில் இ மைனரும் இ மேஜரும் நீண்ட களங்களாக மாறி மாறி வருகின்றன. பியானோ கலைஞர் மக்காய் டைனரின் இடக்கை அவற்றை விடாமல் தாங்குகிறது. இந்தக் காலத்தில் இந்திய இசை கோல்ட்ரேனை ஈர்த்திருந்தது. 1961-ல் ‘இந்தியா’ என்றே ஒரு பாட்டைப் பதிவு செய்தார். ஜாஸிலிருந்து நம் இசைக்கு உண்மையிலேயே பயில வந்தவர்கள் பின்னால் வந்தார்கள். கிதார் கலைஞர் ஜான் மெக்லாக்லின் எஸ். ராமநாதனிடம் வீணை கற்று, எல். சங்கர், ஜாகிர் உசேன், விக்கு விநாயக்ராம் ஆகியோருடன் ‘சக்தி’ குழுவை அமைத்தார்.

மற்ற மைனர் மோடுகளுக்கு ஜாஸில் இடம் சிறிது. பிரிஜியன், அதாவது தோடியின் சுரங்கள், ஸ்பானிய நிறம் வேண்டும்போது வரும். லோக்ரியன் ஹாஃப் டிமினிஷ்டு கார்டுக்கு வழக்கமாகச் சொல்லப்படுவது. சுத்த தன்யாசியின் ஐந்து சுரங்களான மைனர் பென்டடானிக்கும், அதில் பிரதி மத்யமத்தைச் சேர்த்த புளூஸ் ஸ்கேலும் எங்கும் நிறைந்தவை. மேஜர் கார்டின்மேலும் அவற்றை வாசிப்பார்கள், அங்கேதான் அவற்றின் காரம் தெரியும்.

அட்டவணையும் காதும்

ஜேமி ஏபர்சோல்ட் 1967 முதல் வெளியிட்ட துணை இசைத்தட்டுகளும், மார்க் லெவினின் 1995-ஆம் ஆண்டு ‘ஜாஸ் தியரி புக்’ போன்ற நூல்களும் கார்டுக்கு ஒரு ஸ்கேல் என்ற முறையைப் பரப்பின. கற்பிக்க வசதியான முறைதான். ஆனால் மாணவர் ஸ்கேலை அடியிலிருந்து நுனிவரை ஒப்பிப்பதில் நின்றுவிடும் ஆபத்து இதில் இருக்கிறது. டெட்ராய்டைச் சேர்ந்த பியானோ கலைஞர் பாரி ஹாரிஸ் (1929–2021) கற்பித்த முறை இதற்கு மாற்று. மைனர் சிக்ஸ்த் கார்டின் நான்கு சுரங்களுக்கும் டிமினிஷ்டு கார்டின் நான்கு சுரங்களுக்கும் ஒன்றுவிட்டு ஒன்றாக இடம் தந்து அவர் எட்டுச் சுர ஸ்கேலை அமைத்தார். சி மைனரில் அது சி, டி, இ பிளாட், எஃப், ஜி, ஏ பிளாட், ஏ, பி. இரண்டு தைவதங்களும் அருகருகே உள்ளன. ஒன்று வீட்டுக்குரியது, மற்றது வீட்டை நோக்கி இழுப்பது. ஹார்மோனிக்கா மெலோடிக்கா என்ற கேள்வியே இங்கே எழுவதில்லை.

ஒரே கார்டில் நிற்பது, நகரும் கார்டுகளைத் தொடர்வது ஆகிய இரண்டு வழிகளும் ஒரே பாட்டில் எப்படிச் சந்திக்கின்றன என்பதற்கு சாக்ஸபோன் கலைஞர் வெய்ன் ஷார்ட்டரின் ‘ஃபுட்பிரின்ட்ஸ்’ நல்ல சான்று. 1966-ல் தன் ‘ஆடம்ஸ் ஆப்பிள்’ தட்டுக்காகவும், அதே ஆண்டில் ‘மைல்ஸ் ஸ்மைல்ஸ்’ தட்டுக்காக மைல்ஸ் குழுவோடும் அதை வாசித்தார். 12 பார் கொண்ட சி மைனர் புளூஸ் அது. முதல் எட்டு பார்களில் கார்டுகள் அவ்வளவாக நகர்வதில்லை. டோரியனும் பென்டடானிக்கும் போதும். பொதுவாகப் புழங்கும் எழுத்துப்படியில் ஒன்பதாவது, பத்தாவது பார்களுக்குள் எஃப் ஷார்ப் ஹாஃப் டிமினிஷ்டு, எஃப்7, இ7, ஏ7 என நான்கு கார்டுகள் நெருக்கியடிக்கும். ஸ்கேல் வழியில் போனால் ஏ, சி, எஃப், பி பிளாட் என்று நான்கு மெலோடிக் மைனர்கள். கணக்குப் போட நேரம் இராது. கார்டுக்கு இரண்டு மூன்று சுரத்தைத் தொட்டுவிட்டு, பதினோராம் பாரில் சி மைனருக்கு வந்து சேர வேண்டியதுதான்.