படை போன பின்னும் கடை திறந்த சாங்கி

சென்ற ஆண்டு நம் சங்கத்தின் குடும்ப தினத்தைச் சாங்கிக் கடற்கரையில் நடத்தினோம். இளையர்கள் கயாக் படகில் துடுப்புப் போட்டார்கள். பெரியவர்கள் மரநிழலில் பாய் விரித்துப் பிரியாணிச் சட்டியைத் திறந்தார்கள். "இவ்வளவு அமைதியான ஊரில் என்ன வரலாறு இருக்கப்போகிறது?" என்று பிள்ளைகள் கேட்டார்கள். அன்று சொன்ன பதிலை இங்கே எழுதி வைக்கிறோம்.

ஜொகூர் நீரிணையின் கிழக்கு வாயிலைக் காக்க ஆங்கிலேயர் சாங்கியில் படைமுகாமும் பீரங்கித் தளமும் அமைத்தனர். 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. பல்லாயிரம் பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய வீரர்கள் சாங்கியில் கைதிகளாக அடைக்கப்பட்டனர். பிப்ரவரி 20 அன்று சீன ஆடவர் 66 பேர் இதே கடற்கரையில் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதன் நினைவுக் கல் இன்றும் இங்கே இருக்கிறது. போர்க் கைதிகளின் உழைப்பில் ஜப்பானியர் போட்ட விமான ஓடுதளம், போருக்குப் பின் பிரிட்டிஷ் விமானப் படையின் கைக்கு வந்தது.

படை வந்த இடத்தில் கடையும் வந்தது. சாங்கி கிராமத்தின் தையற்கடை, துணிக்கடை, மளிகைக்கடைகளில் நம் மக்களும் இருந்தார்கள். "வெள்ளைக்காரன் சம்பள நாள்தான் தம்பி எங்களுக்குப் பெருநாள்" என்றார், அன்று பாயில் அமர்ந்திருந்த நம் மூத்த உறுப்பினர் ஒருவர்.

1968 ஜனவரியில், 1971 முடிவதற்குள் படைகளைத் திரும்பப் பெறப்போவதாக லண்டன் அறிவித்தது. நாட்டு வருமானத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அந்தத் தளங்களைச் சார்ந்திருந்த காலம் அது. தளங்களில் வேலை பார்த்த தமிழர் பலர் வேலையிழந்து ஊர் திரும்பினர்.

ஆனால் சாங்கி அழியவில்லை. அடுக்குமாடி வீடுகளும் உணவங்காடியும் எழுந்தன. 1981 ஜூலை 1இல் விமான நிலையம் திறந்தது. வெள்ளைக்காரர் பாய்மரம் விட்ட கடலில் இன்று நம் பிள்ளைகள் படகு விடுகிறார்கள். படகுத்துறையில் பன்னிரண்டு பேர் சேர்ந்தால் புலாவ் உபினுக்குப் படகு கிளம்பிவிடும்.

வியாபாரிகளான எங்களுக்கு இந்த வரலாறு 2020இல்தான் உறைத்தது. ஊழியர்கள் விடுதிகளில் முடங்கியபோது, ஞாயிற்றுக்கிழமைத் தேக்கா வெறிச்சோடியது. ஒரே வாடிக்கையாளர் கூட்டத்தை நம்பியிருந்த எங்கள் கல்லாவும் காலியானது. அப்போது வாடகைக்குக் கைமாற்றுக் கொடுத்ததும், "சாப்பிட்டீர்களா?" என்று தினமும் விசாரித்ததும் சங்கத்துப் பெரியவர்களே.

படைகள் போய் நான்கு ஆண்டுகளில், 1975இல், அவர்கள் இச்சங்கத்தை ஏன் தொடங்கினார்கள் என்பது அன்றுதான் எங்களுக்கு விளங்கியது. பிழைப்பு ஒரே நாளில் போய்விடக்கூடும் என்பதைக் கண்ணால் கண்டவர்கள் அவர்கள்.

உங்கள் வீட்டு ஆல்பத்தில் சாங்கிக் கடைகளின் படம் இருந்தால், அதில் நிற்பவர்களின் பெயர்களைப் பின்புறம் எழுதி வையுங்கள். அந்தப் பெயர்களைச் சொல்லக்கூடியவர்கள் இன்னும் நம்மோடு இருக்கும்போதே எழுதிவிடுங்கள்.