பட்ட ஆராய்ச்சியும் பாமரர் சுகமும்

கரம்பொன் பெற்ற புதல்வராகிய சேவியர் தனிநாயகம் அடிகளார், 1952இல் 'தமிழ் கல்ச்சர்' என்னும் ஆங்கிலச் சஞ்சிகையைத் தொடங்கியும், 1964இல் டில்லியிலே உலகத் தமிழாராய்ச்சி மன்றம் உருவாக முன்னின்றும், தமிழரின் அறிவுச் செல்வத்தை உலகத்தார் அறியச் செய்தார். அதற்கு எதிர்த்திசையில், மேனாட்டு வைத்திய சாஸ்திரத்தைத் தமிழுக்குள் கொண்டுவந்த பெருமுயற்சியும் நம் யாழ்ப்பாணத்திலேயே நிகழ்ந்ததென்பதை இம்மலரில் எடுத்துரைப்பது, சுகாதாரத் துறையிற் கலாநிதிப் பட்டத்துக்கு ஆராயும் இளைஞர்க்கு உபகாரமாகுமென்று கருதுகிறேன்.

1847இல் அமெரிக்க மிஷன் வைத்தியராக வந்து மானிப்பாயிலே பணிபுரிந்த சாமுவேல் பிஸ்க் கிறீன், ஆரம்பத்தில் ஆங்கிலத்திலேயே மாணாக்கருக்குப் போதித்தார்; அவ்வாறு கற்றவர்கள் சம்பளத்தை நாடி அரசாங்க உத்தியோகத்துக்குப் போய்விட, கிராமத்து நோயாளி இருந்தபடியே இருப்பதைக் கண்டு, 1860களின் நடுவிலே போதனையைத் தமிழுக்கு மாற்றினார். 'இரண வைத்தியம்' 1867இலும், 'மனுஷ அங்காதிபாதம்', 'வைத்தியாகரம்' ஆகியவை 1872இலும் வெளிவந்தன. 1873இல் தாயகம் திரும்பிய பின்னரும் அவர் ஓய்ந்தாரல்லர். 1875இல் 'கெமிஸ்தம்', 1883இல் 'மனுஷ சுகரணம்' என நூல்கள் தொடர்ந்தன. மறுவருஷம் அவர் காலமானார். 'கெமிஸ்தம்' என்ற பெயரைக் கேட்டு இன்று சிரிப்பவர் உண்டு. சிரிக்கட்டும், அவர்களுள் எத்தனை பேர் தம் சொந்த ஆராய்ச்சியை ஒரு பக்கம் தமிழில் எழுதியிருக்கிறார்கள்?

ஆயினும் கிறீனின் நூல்கள் பெரும்பாலும் வைத்தியம் கற்போருக்கானவை. வீட்டிலிருக்கும் தாய்க்கு எழுத ஒருவர் வேண்டியிருந்தது. 'நந்தி' என்ற புனைபெயரால் நாவலாசிரியராக அறியப்பட்ட பேராசிரியர் செ. சிவஞானசுந்தரம், இலண்டனிலே கலாநிதிப் பட்டம் பெற்றவர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திற் சமுதாய மருத்துவம் போதித்தவர். அவரே 'அருமைத் தங்கைக்கு', 'நந்தினி உன் குழந்தை' முதலிய நூல்களிலே, உடன்பிறந்தாளோடு பேசும் வாஞ்சையோடு தாய்சேய் நலத்தை எழுதினார். அந்த எழுத்தினால் அவருடைய பாண்டித்தியத்துக்கு ஒரு குறையும் வரவில்லை.

இன்றைய நிலை வேறு. ஆராய்ச்சி மாணவி ஒருத்தி வினாக்கொத்தோடு தீவகத்து வீடொன்றுக்கு வருகிறாள். வீட்டுக்காரி தேநீர் கொடுத்து, கேட்ட கேள்விகளுக்கெல்லாம் பொறுமையாக மறுமொழி சொல்லி, கையையும் நீட்டிக் குருதி கொடுக்கிறாள். பிறகு அந்தக் குருதியின் கதை ஆங்கில ஆய்வேடாகி நூலக அலுமாரியில் ஏறிவிடுகிறது. "என்ன பிள்ளை, முடிவு வந்ததோ?" என்று கேட்க அவளுக்கு வழியுமில்லை. பொதுமக்களுக்கு எழுதுவது காலவிரயமென எண்ணும் மேற்பார்வையாளர்களும் இதற்குப் பொறுப்பாளிகளே.

விஞ்ஞானி மௌனமாயிருக்கும் இடத்தில் வதந்தி பேசும். 2024 மார்கழியில் யாழ்ப்பாணத்தில் உயிர்களைப் பலிகொண்ட எலிக்காய்ச்சல், முதலில் இனந்தெரியாத காய்ச்சலென்றே ஊரெங்கும் பேசப்பட்டது. தேங்கிய நீரிலும் வயற்சேற்றிலும் கலந்த எலிமூத்திரத்தால், காலிலுள்ள சிறு காயத்தினூடே கிருமி புகும் என்பதையும், காய்ச்சல் கண்டவுடன் வைத்தியசாலைக்குப் போவதன் அவசியத்தையும் மழைக்கு முன்பே சொல்லப் பட்டதாரி ஒருவர் போதும்.

சொல்லும்போது அளவு தவறலாகாது. ஒரு பழக்கத்தால் நோய் இரட்டிப்பாகும் என்று எழுதினால் வாசகர் நடுங்குவார். 10,000 பேரில் ஒருவருக்கு வந்தது இருவருக்கு வரும் என்று எழுதினால் யோசிப்பார். தம் ஆய்வு எதை நிரூபிக்கவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லத்தான் வேண்டும்.

இதற்குப் பெருமண்டபம் தேவையில்லை. ஊர்காவற்றுறை வைத்தியசாலையிலே கிளினிக் நாளில் காலை முதல் காத்திருக்கும் சலரோகக்காரரிடையே கால்மணி நேரம் பேச அனுமதி கேட்கலாம். "சீனியை விட்டுப் பனங்கட்டியைக் கடித்துத் தேத்தண்ணி குடித்தால் தோஷமில்லைத்தானே, தம்பி?" என்று ஒரு முதியவர் நிச்சயமாகக் கேட்பார். பனங்கட்டியிலும் பெரும்பாகம் சர்க்கரையே என்பதை அவர் மனம் நோகாமல் விளக்குவது, பரீட்சகர் முன்னிலையில் ஆய்வேட்டுக்கு வாதாடுவதிலும் கடினமான காரியம்.