யோபுவின் கதையும் வடக்கன்குளத்துச் சுவரும்

1741 ஆகஸ்ட் 10 அன்று திருவிதாங்கூர் அரசர் மார்த்தாண்ட வர்மரின் படை குளச்சலில் டச்சுக்காரரை வென்றது. சிறைப்பட்டோருள் ஒருவரான டிலனாய் பின்னர் அதே அரசரின் படைத்தலைவராக உயர்ந்தார். பத்மநாபபுரம் அரண்மனைப் பணியிலிருந்த நட்டாலம் நீலகண்ட பிள்ளைக்கும் அவருக்கும் நட்பு உண்டானது. உடைமை இழப்புகளால் மனம் தளர்ந்திருந்த நீலகண்டருக்கு டிலனாய் விவிலியத்து யோபுவின் வரலாற்றை எடுத்துரைத்தார் என்பது மரபுவழிச் செய்தி.

இச்செய்தியின் நுட்பம் கவனத்திற்குரியது. துன்பத்தைப் பழவினையின் பயனாகக் காணும் சூழலில் வளர்ந்தவர் நீலகண்டர். யோபுவின் நண்பர்களும் ஏறத்தாழ அதே விளக்கத்தையே தருகின்றனர்: குற்றமின்றித் துன்பம் வராது என்கின்றனர். யோபு அதை ஏற்பதில்லை. தன் துன்பம் தண்டனை அன்று என்று வாதிடுகிறார். இறைவனை நோக்கியே முறையிடுகிறார். ஆயினும் இறைவனைக் கைவிடுவதில்லை. கிறித்தவ மரபில் பொறுமை என்பது வாய்மூடிக் கிடத்தலாகப் பலகாலும் போதிக்கப்பட்டுள்ளது. யோபுவின் பொறுமையிலோ வழக்காடுதலும் அடங்கும்.

1745 மே 14 அன்று, திருவிதாங்கூருக்கு வெளியே திருநெல்வேலிச் சீமையிலிருந்த வடக்கன்குளத்தில், இயேசு சபைக் குரு புத்தாரி அவருக்குத் திருமுழுக்கு அளித்தார். லாசர் என்னும் பெயர் தமிழில் தேவசகாயம் ஆயிற்று. 1749-இல் அவர் கைது செய்யப்பட்டார். எருக்கம்பூ மாலையிட்டு எருமைமீது பின்னோக்கி அமர்த்தி ஊர் ஊராகக் கொண்டு சென்றதையும், கசையடிப் புண்களில் மிளகாய்ப்பொடி தூவியதையும் வாய்மொழி மரபு விரிவாகச் சொல்கிறது. 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழியை அடுத்த காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். உடல் கோட்டாறு சவேரியார் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது.

அவர் கொல்லப்பட்ட காரணம் குறித்துக் கருத்து வேறுபாடு உண்டு. மதமாற்றத்திற்காகத் திருவிதாங்கூர் அரசு எவரையும் கொன்றதற்கு அரசு ஆவணங்களில் சான்றில்லை என்று வரலாற்றாசிரியர் சிலர் வாதிட்டுள்ளனர். ஆனால் கொச்சி ஆயர் கிளமென்ஸ் ஜோசப் 1756-இல் ரோமுக்கு அனுப்பிய அறிக்கை, அவரை விசுவாசத்திற்காக இறந்தவராகவே குறிப்பிடுகிறது. நிகழ்வுக்கு நான்கே ஆண்டுகளுக்குப் பின் எழுதப்பட்டதாயினும் அது திருச்சபையின் பார்வை. அரசு ஆவணத்தின் மௌனமும் மறுப்பாகாது. சமயமும் அரசுரிமையும் பிரியாதிருந்த ஒரு நாட்டில், அரண்மனைப் பணியாளர் ஒருவர் அரசரின் சமயத்தை விட்டு விலகுவது அரசியல் செயலாகவும் கருதப்பட்டிருக்கும். மதக்குற்றமா அரசத்துரோகமா என்று இரண்டில் ஒன்றைத் தேர்வது, இரண்டையும் பிரித்தறியும் பிற்காலக் கண்ணோட்டத்தை அக்காலத்தின்மீது ஏற்றுவதாகும்.

சாதி வேறுபாடின்றி அனைவரும் சமம் என்று அவர் வலியுறுத்தியது உயர்சாதியினரின் பகையை ஈட்டியது என்று வத்திக்கானின் வாழ்க்கைக் குறிப்பு கூறுகிறது. இக்கூற்றை ஏற்போர், அவர் திருமுழுக்குப் பெற்ற ஊரின் பிற்கால வரலாற்றையும் உடன்வைத்துப் படிக்க வேண்டும்.

வடக்கன்குளத்தில் 1872-இல் எழுந்த ஆலயத்திற்கு இரு நீண்ட கூடங்கள் இருந்தன. இரண்டும் ஒரே பீடத்தில் வந்து சேர்ந்தன. வேளாளர் ஒரு கூடத்தில், நாடார் முதலியோர் மறு கூடத்தில், நடுவே தடுப்புச்சுவர். பீடத்தில் குரு நிறைவேற்றியது ஒரே திருப்பலி. அதில் பங்குகொண்ட இரு சாராரும் ஒருவரையொருவர் காணாதவாறு கட்டடக்கலையே ஏற்பாடு செய்திருந்தது. 1910-இல் கௌசானல் அடிகளின் காலத்தில் சுவர் இடிக்கப்பட்டது. தங்கள் தனியுரிமை பறிபோனதென வேளாளர் தரப்பு வழக்குத் தொடுத்தது. வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்றது. ஆலயத்தினுள் சாதிக்கெனத் தனியிடம் கோரும் உரிமையை நீதிமன்றம் ஏற்கவில்லை.

அரசனின் சிறையில் மூன்றாண்டு துன்புற்றவருக்குத் திருநாள் உண்டு, கல்லறை உண்டு. அச்சுவரின் மறுபுறத்தில் தலைமுறைதோறும் முழந்தாளிட்டோருக்கு இவை இல்லை. அவர்களைத் துன்புறுத்தியவர் அதே திருமுழுக்கைப் பெற்ற சகோதரர். வேற்றுச் சமய அரசனால் வரும் துன்பத்திற்கு மறைசாட்சியம் என்று பெயரிட இறையியல் அறியும். உடன் விசுவாசியால் வரும் துன்பத்திற்கு அது நெடுங்காலம் பெயர் தேடவில்லை. பொறுத்திரு என்று மட்டும் சொன்னது. வெளியேறாமல், விசுவாசத்தையும் விடாமல், சமத்துவத்தையும் கோரியவர்களே யோபுவின் வழக்காடும் பொறுமைக்கு உண்மை வாரிசுகள்.

2012 டிசம்பர் 2 அன்று கோட்டாற்றில் அருளாளர் பட்டம் அளிக்கப்பட்டபோது அவர் பெயர் 'தேவசகாயம் பிள்ளை'. சாதிப்பெயரை நீக்குமாறு எதிர்ப்புக் குரல் எழுந்தது. 2022 மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அவருக்குப் புனிதர் பட்டம் அளித்தபோது 'பிள்ளை' இல்லை. இந்தியப் பொதுநிலையினருள் புனிதரான முதல்வர் தம் சாதிப்பட்டத்தைக் களைவதற்கு, இறந்து 270 ஆண்டுகள் ஆயின.

இவ்வரலாறு தென்கோடியோடு முடிவதில்லை. திருநெல்வேலிச் சீமையிலிருந்து மும்பைக்குப் பிழைக்க வந்தோர் தாராவியில் பெருந்தொகையினர். பின்னர் செம்பூர், கோவண்டிப் பக்கமும் தமிழ்க் குடியிருப்புகள் பரவின. வந்தோருள் கிறித்தவரும் உண்டு. ஊரின் திருநாளையும் பாட்டையும் கொண்டுவந்தவர்கள் அச்சுவரின் நினைவையும் கொண்டுவந்தார்களா? கல்லறைத் தோட்டத்திலும் மணவினையிலும் அது வேறு வடிவில் எழுந்ததா? நகர வறுமை அதை இடித்ததா? ஆலயப் பதிவேடுகளையும் முதியோரின் வாய்மொழியையும் ஒருசேரப் படிக்கும் ஆய்வே இவற்றுக்கு விடை தரும். அம்முதியோர் இருக்கும்போதே அது தொடங்கப்பட வேண்டும்.