பிடி நழுவாதிருக்க

நேயர்களே, நூதனசாலையில் வாளொன்றைக் காண்போர் முதலில் அதன் அலகையே நோக்குவர். அதன் நீளத்தையும் வளைவையும் கூர்மையையும் பற்றிப் பேசுவர். பின்னர் பிடியிலுள்ள பொன்வேலையும் வெள்ளிவேலையும் அவர்தம் கண்ணைக் கவரும். ஆனால், அவ்வாளை ஏந்திக் களம் புகுந்தவனின் கவலை வேறு. வியர்வையாலும் மழையாலும் நனைந்த உள்ளங்கையில் அது நழுவாது நிற்குமா என்பதே அவனுடைய முதற் கேள்வி. அக்கேள்விக்கு மனிதன் தேடிய விடைகளை, வாள் முதற் கைத்துப்பாக்கி ஈறாக, இன்று சிறிது ஆராய்வோம்.

விடைகள் பல போலத் தோன்றினும் அவற்றை மூன்று வகையில் அடக்கலாம். பிடியின் உருவத்தைக் கைக்கு இசைய அமைத்தல் ஒன்று. கயிறு, தோல், கம்பி ஆகியவற்றால் அதனைச் சுற்றுதல் மற்றொன்று. அதன் மேற்பரப்பைச் சொரசொரப்பாக்குதல் மூன்றாவது. இம்மூன்றையும் ஒருங்கே கண்டவர் யப்பானிய வாட்பிடிக் கலைஞர்.

அவர்கள் மக்னோலியா இனத்து மரத்தாற் பிடியைச் செய்தனர். அதன்மேல் திருக்கைத் தோலைப் போர்த்தனர். திருக்கையின் தோலில் பற்களை ஒத்த கடினமான சிறு மணிகள் நெருங்கிப் பதிந்துள்ளன. தோல் உலர்ந்ததும் இம்மணிகள் கல்லைப்போல் இறுகி நிற்கும். அது மரம் பிளவாமற் காத்தது. மேலே சுற்றும் நாடாவையும் அசையவிடாது பற்றிக்கொண்டது. பட்டு, பருத்தி அல்லது தோலாலான அந்நாடாவை மாறி மாறிக் குறுக்கிட்டுச் சுற்றுவர். இடையிடையே சாய்சதுர வடிவான இடைவெளிகள் தோன்றும். அவற்றினூடே வெண்மணிகள் தெரியும். காண்போருக்கு அது அலங்காரம். ஏந்துவோனுக்கோ அதுவே காவல்.

இனி, அத்தோல் எங்கிருந்து சென்றது என்று கேட்போமாயின், வரலாறு நம் பக்கத்துக் கடலுக்கே நம்மை அழைத்து வருகின்றது. பெரிய மணிகளைக் கொண்ட உயர்ந்த தோல் தென்கடல்களிலிருந்தே யப்பானுக்குச் சென்றது. 1641ஆம் ஆண்டு முதல் நாகசாக்கித் துறைமுகத்தை அடுத்த தேசிமா என்னும் சிறு தீவில் மட்டுமே ஒல்லாந்தர் தங்கி வாணிகம் நடத்த அனுமதிக்கப்பட்டனர். அங்கு அவர்கள் கொண்டு சென்ற சரக்குகளுள் திருக்கைத் தோலும் ஒன்று. சீயத்திலிருந்தும் சோழமண்டலக் கரையிலிருந்தும் அது கப்பலேறியது.

நம் கரையோர மக்களுக்குத் திருக்கை புதிய மீனன்று. அதன் ஊனைக் கறியாக்குவர், கருவாடாக்குவர். அதன் வாலைச் சவுக்காக்கிய காலமும் இருந்தது. அப்பெயரைக் கேட்டே நடுங்கிய மாணவர் தலைமுறை ஒன்றும் உண்டு. கட்டுமரத்தில் சென்று அம்மீனைப் பிடித்தவனின் பெயரை எந்த ஏடும் குறிக்கவில்லை. வாளை அடித்த கொல்லன் தன் பெயரை அலகின் அடியிற் பொறித்தான். வாளை ஏந்திய பிரபுவின் பெயர் வரலாற்றில் நின்றது. அவ்விருவர் புகழுக்கும் இடையே, கைபடும் இடத்தில், பெயரற்ற கடற்றொழிலாளியின் உழைப்பு மறைந்து கிடந்தது.

1876ஆம் ஆண்டில் யப்பானிய அரசு பொதுமக்கள் வாள் தரித்துச் செல்வதைத் தடைசெய்தது. வாட்பிடிக் கலையும் அதனோடு சுருங்கிற்று. எனினும் மேலைநாட்டில் மீன்தோல் மறையவில்லை. ஆங்கிலக் காலாட்படை அதிகாரிகளின் 1897ஆம் ஆண்டு மாதிரி வாளிலும் பிடியை மீன்தோலாற் போர்த்துக் கம்பியாற் சுற்றியிருந்தனர்.

கைத்துப்பாக்கியின் கதை சற்று வேறானது. 16ஆம் நூற்றாண்டு ஐரோப்பியத் துப்பாக்கிகளின் பிடிகளில் மான்கொம்பும் எலும்பும் இழைத்துச் சித்திரம் தீட்டினர். அவை கண்ணுக்கு விருந்தாயின. கைக்கு உதவியது குறைவு. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தில் இருவர் எதிரெதிர் நின்று சுடும் மானப்போர் வழக்கம் மேலோங்கியிருந்தது. ஒரே குண்டில் உயிர் தங்கியிருந்தமையால், பிடியின் சிறு நழுவலும் பேரிழப்பாயிற்று. அக்காலத்து இலண்டன் கம்மியர் வால்நட் மரப்பிடியிற் கோடுகளை இழைத்தனர். முதலில் ஒரு திசையில் இணைகோடுகள்; பின்னர் அவற்றைச் சாய்வாக வெட்டும் கோடுகள். ஆழம் கூடக் கூட ஒவ்வொரு சாய்சதுரமும் ஒரு சிறு கூம்பாக எழும். ஓர் அங்குலத்தில் 20 கோடுகள் அமைந்தாற் பற்று மிகும். 30 அமைந்தால் அழகு மிகும், பற்றுக் குறையும். ஒரு கோடு பிழைத்தால் முழு வேலையும் கெடும்.

சொரசொரப்பே எப்போதும் நன்மை என்று கொள்ளுதல் பிழை. 1873ஆம் ஆண்டின் கோல்ட் சுழல்துப்பாக்கியின் வளைந்த மரப்பிடி வழுவழுப்பானது. சுட்டதும் அது கையினுள்ளே சற்று மேனோக்கி உருளும். பின்னுதைப்பின் கடுமை அதனாற் குறையும். கூர்மை மிகுந்த கீறல்கள் உள்ளங்கையைப் புண்படுத்தும். மிக நுண்ணிய கீறல்களோ அழுக்கு நிரம்பிப் பயனற்றுப் போகும். அளவறிதலே இக்கலையின் உயிர்.

பின்னர் தொழிற்சாலை வந்தது. கந்தகம் சேர்த்துக் கடினமாக்கிய இறப்பரை அச்சில் வார்த்தபோது, கம்மியன் பல மணிநேரம் இழைத்த கோடுகள் ஒரு நொடியிற் பதிந்தன. 1911ஆம் ஆண்டில் அமெரிக்கப் படை ஏற்ற, பிரௌனிங் என்பவர் வகுத்த கைத்துப்பாக்கிக்கு வால்நட் மரத்திற் கீறலிட்ட தகடுகள் பொருத்தப்பட்டன. இரண்டாம் உலகப் போரில் அத்தகடுகளும் பிளாஸ்டிக்காயின. 1982ஆம் ஆண்டில் ஒஸ்திரியப் படை தெரிந்தெடுத்த குளொக் துப்பாக்கியிற் சட்டமும் பிடியும் ஒன்றாகவே பிளாஸ்டிக்கில் வார்க்கப்பட்டன. பொருள் மாறிற்று, இழைத்த கை மறைந்தது, திருக்கையின் முதுகில் இயற்கை முன்னரே வகுத்த சிறு மணிகளின் தத்துவம் மட்டும் மாறவில்லை.

போரின் கொடுமையை நேரிற் கண்ட நம் நாட்டவர்க்கு ஆயுதங்களின் கதை இனிய பொருளன்று. ஆயினும் ஆயுதத்தின் வரலாற்றை வென்றவர் பெயரால் மட்டும் எழுதினால் அது பாதி வரலாறே. கட்டுமரத்தில் சென்றவனையும், மரத்திற் கோடிழைத்துக் கண் மங்கியவனையும் சேர்த்து எழுதும்போதே அது நிறைவு பெறும். அடுத்த முறை நூதனசாலையில் ஒரு வாளைக் காணும்போது, நேயர்களே, அலகை நோக்குமுன் பிடியைச் சற்று நோக்குங்கள்.