சோயா வயலில் கிடந்த சிகரெட் துண்டு



இந்த ஆண்டு நினைவுச் சொற்பொழிவுக்கு ஒரு வழக்கின் வரலாற்றை எடுத்துக்கொண்டிருக்கிறேன். அது அமெரிக்காவில் நடந்தது. ஆனால் பிள்ளையை அழைத்துப் போனார்கள் என்று கேள்விப்பட்டு, காவல் நிலைய வாசலில் விடிய விடிய உட்கார்ந்திருந்த எந்தத் தாய்க்கும் இது அந்நியக் கதையல்ல.

வட கரோலினா மாநிலத்தின் ரோப்சன் மாவட்டத்தில் ரெட் ஸ்பிரிங்ஸ் ஒரு சிற்றூர். 1983 செப்டம்பரில் அங்கே ஒரு சோயா வயலில் 11 வயதுச் சிறுமியின் உடல் கிடைத்தது. வல்லுறவுக்கு உள்ளாக்கப்பட்டுக் கொல்லப்பட்டிருந்தாள். பள்ளி மாணவி ஒருவர் தான் கேள்விப்பட்ட வதந்தியைச் சொன்னார். அதை வைத்துக் காவல்துறை ஹென்றி மெக்கோலமைத் தேடி வந்தது. அவருக்கு வயது 19. தம்பி லியோன் பிரவுனுக்கு 15. ஒரே தாயின் பிள்ளைகள், கறுப்பர்கள், ஏழைகள், இருவருமே அறிவு வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்கள்.

இரவில் நடந்த விசாரணை ஏறத்தாழ ஐந்து மணி நேரம் நீடித்தது. வழக்கறிஞர் யாரும் உடனில்லை. கையெழுத்துப் போட்டால் வீட்டுக்குப் போகலாம் என்று நம்பியதாக மெக்கோலம் பின்னர் சொன்னார். அதிகாரிகள் எழுதிய வாக்குமூலத்தில் கையெழுத்திட்டார். நிலையத்தில் தாயோடு காத்திருந்த தம்பியும் கையெழுத்திட்டார். இந்தத் தாள்களைத் தவிர அவர்களை அந்த வயலோடு இணைக்கும் தடயம் எதுவும் இல்லை. 1984இல் இருவருக்கும் மரண தண்டனை விதிக்கப்பட்டது.

அதே ஊரில், சில வாரங்கள் கழித்து, 18 வயதுப் பெண் ஒருவர் அதே போன்ற கொடுமைக்கு ஆளாகிக் கொல்லப்பட்டார். அதைச் செய்தவன் அந்தச் சோயா வயலுக்கு அருகிலேயே குடியிருந்தவன். அவனுக்குத் தண்டனை வாங்கித் தந்தவர் ஜோ ஃப்ரீமன் பிரிட். சகோதரர்களுக்கு மரண தண்டனை வாங்கித் தந்த அரசு வழக்கறிஞரும் அவரே. வயலில் கிடந்த பீர் கேனில் இருந்த கைரேகையை அவனுடைய ரேகையோடு ஒப்பிடும்படி, சகோதரர்களின் வழக்கு தொடங்குவதற்குச் சில நாட்கள் முன்பு காவல்துறையே ஆய்வகத்தைக் கேட்டிருந்தது. ஒப்பீடு நடக்கவில்லை. வழக்கு மட்டும் நடந்தது.

1988இல் மாநில உச்ச நீதிமன்றம் மறுவிசாரணைக்கு உத்தரவிட்டது. 1991இல் மெக்கோலமுக்கு மீண்டும் மரண தண்டனை. 1992இல் பிரவுனுக்கு வல்லுறவுக் குற்றத்துக்காக ஆயுள் தண்டனை. 1994இல் அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி ஸ்கேலியா, மரண தண்டனை ஏன் வேண்டும் என்று வாதிட எடுத்துக்காட்டிய குற்றம் இதுதான். அதே ஆண்டில் நீதிபதி பிளாக்மன், மெக்கோலமின் மனவயது ஒன்பது என்று சுட்டிக்காட்டி மாறுபட்டார். 2010 தேர்தலில் குடியரசுக் கட்சியின் துண்டறிக்கையில் மெக்கோலமின் முகம் அச்சிடப்பட்டது. நிரபராதி ஒருவரின் முகம் வாக்குச் சேகரிக்கப் பயன்பட்டது.

வயலில் ஒரு சிகரெட் துண்டும் கிடைத்திருந்தது. அது சான்றுப் பொருளாகப் பாதுகாக்கப்பட்டிருந்தது. பிரவுனின் விண்ணப்பத்தை எடுத்துக்கொண்ட மாநில நிரபராதிகள் விசாரணை ஆணையம், அதிலிருந்த டிஎன்ஏவை ஆராயச் செய்தது. 2014இல் விடை கிடைத்தது: அது அந்த அண்டைவீட்டுக்காரனுடையது. 2014 செப்டம்பர் 2 அன்று நீதிபதி இருவரின் தண்டனையையும் ரத்து செய்தார். அப்போது மெக்கோலமுக்கு வயது 50. 2021இல் கூட்டாட்சி நீதிமன்ற ஜூரி ஒவ்வொருவருக்கும் 31 மில்லியன் டாலர் இழப்பீடு என்று தீர்ப்பளித்தது. சிறையில் போன ஓர் ஆண்டுக்கு ஒரு மில்லியன். அதற்கு மேல் தண்டத் தொகையும் உண்டு.

அறிவியல் அவர்களைக் காப்பாற்றியது என்று சொல்லி இதை முடித்துவிடலாம். நான் அப்படிப் பார்க்கவில்லை. உண்மையைச் சொல்லும் பொருள் முதல் நாளிலிருந்தே அரசின் கையில் இருந்தது. டிஎன்ஏ சோதனை வராத 1984இலும் கைரேகையை ஒப்பிட முடிந்திருக்கும். இல்லாமல் போனது கருவியல்ல, தேவை. இரண்டு கறுப்புச் சிறுவர்களின் கையெழுத்து கிடைத்த பிறகு வேறு யாரையும் தேட வேண்டிய தேவை அந்த அமைப்புக்கு இருக்கவில்லை.

1946இல் அம்பேத்கர் டு போய்ஸுக்குக் கடிதம் எழுதியபோது, இரு மக்களின் நிலையும் எவ்வளவு ஒத்திருக்கிறது என்றே எழுதினார். அந்த ஒப்புமை நம் நீதிமன்றங்களிலும் உண்டு. மகாராஷ்டிரத்தில் 2003இல் நடந்த கொலை வழக்கில் நாடோடிப் பழங்குடியினர் ஆறு பேர் பிடிபட்டனர். 2009இல் உச்ச நீதிமன்றமே ஆறு பேருக்கும் மரண தண்டனை அளித்தது. நேரில் கண்ட சாட்சி, காவல்துறைப் புகைப்படங்களில் வேறு நால்வரை அடையாளம் காட்டியிருந்தார், அது மறைக்கப்பட்டது. 2019 மார்ச் 5 அன்று அதே நீதிமன்றம் ஆறு பேரையும் விடுவித்தது. ஆளுக்கு 5 லட்சம் ரூபாய் வழங்க உத்தரவிட்டது. இத்தகைய மக்கள் பொய்யாகச் சிக்கவைக்கப்படுவது வழக்கமானது என்பதையும் தீர்ப்பிலேயே பதிவு செய்தது.

டிஎன்ஏ என்ற சொல்லும் தானாக நீதி தராது. தேனி மாவட்டத்தில் 2011இல் நடந்த இரட்டைக் கொலை வழக்கில் மரண தண்டனை பெற்றவரை 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் விடுவித்தது. மாதிரிகளைக் கையாண்டதில் இருந்த ஓட்டைகள் அதற்கு ஒரு காரணம். மாதிரிகளை 48 மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும், அவை யார் யார் கை மாறின என்பதற்குப் பதிவேடு வைக்க வேண்டும் என்று நாடு முழுமைக்கும் விதிகளை வகுத்தது.

மாணவர்களே, சட்டம் படிப்பவர்களே, உங்களிடம் கேட்பது இதுதான். நம் ஊர்ப் பையன் கைதானால் போராட்டத்தோடு நின்றுவிடாதீர்கள். அந்தப் பதிவேட்டைக் கேளுங்கள். 2020இல் உச்ச நீதிமன்றம் கட்டாயமாக்கிய காவல் நிலையக் கேமராப் பதிவு அழிவதற்கு முன் மனுப் போடுங்கள். எந்தப் பொருள் ஆய்வுக்குப் போனது, எது போகவில்லை என்று பட்டியல் எடுங்கள். போகாத பொருளில்தான் பல நேரம் உண்மை இருக்கிறது. ரெட் ஸ்பிரிங்ஸில் அதைக் கேட்க 30 ஆண்டுகள் ஆயின. நாம் முதல் வாரத்திலேயே கேட்போம்.